கதவு இடிக்கிறதா? இழைப்புளியை உள்ளே வையுங்கள்

எனக்கு மாதத்தில் இரண்டே இரண்டு முழு விடுமுறைதான். வங்கியில் காசாளர் வேலை. இரண்டாவது சனியும் நாலாவது சனியும் மட்டும் ஞாயிறோடு சேர்ந்து வரும். மற்ற ஞாயிறுகள் துணி துவைப்பதிலும் மாவு அரைப்பதிலும் போய்விடும். ஆக, என் மரவேலை மாதத்துக்கு நாலு நாள். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த நாலு நாளிலும் மழை.

அப்பா ஆசாரி. மயிலாடுதுறையைச் சுற்றி அவர் வைத்த நிலைகளும் கதவுகளும் இன்னும் பல வீடுகளில் நிற்கின்றன. அவர் போன பிறகு தம்பி அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டான், நான் உளிப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். கூலிக்குச் செய்யும் அளவுக்கு எனக்குக் கை வராது. சொந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதும். ஒவ்வொரு வருஷமும் அடைமழை பிடித்த பத்தாம் நாள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். “அக்கா, கதவு சாத்தவே முடியலை, கொஞ்சம் இழைச்சு விடுங்களேன்.” மாட்டேன், மாசியில் வருகிறேன் என்பேன். முகம் சுருங்கிப் போவார்கள். நான் ஏன் மாட்டேன் என்கிறேன், அதுவரை மழை விடுமுறைகளில் வேறு என்ன வேலை பார்க்கலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2015 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கார்த்திகையில் எங்கள் கொல்லைக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. காலால் தள்ளித் திறந்து, இடுப்பால் இடித்துச் சாத்தி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்து கதவைக் கழற்றிப் போட்டு இழைத்துத் தள்ளினேன். ஈர மரம், இழை இழையாகப் பிய்ந்து வந்தது. ஓரத்தில் நாலு மில்லி, அடியிலும் கால் அங்குலம். கதவு வழுக்கிக்கொண்டு சாத்தியது. எனக்கு ஒரே பெருமை. சித்திரையில் பார்த்தால் தாழ்ப்பாள் பக்கம் சுண்டுவிரல் நுழைகிறது, தாழ்ப்பாளின் நாக்கு நிலையில் உள்ள துளையை எட்டவில்லை. அடிப்பக்க இடுக்கு வழியாக மூஞ்சூறு ஒன்று குடும்பத்தோடு குடியேறியது. விளக்குமாற்றை எடுத்தால், “பிள்ளையார் வாகனம்டி, அடிக்காதே” என்று அம்மா தடுத்துவிட்டாள். பிறகு ஒரு தேக்குச் சட்டத்தைச் சீவி ஓரத்தில் ஒட்டி அடைத்தேன். இன்றும் அந்தக் கதவில் நிறம் மாறிய ஒரு கோடு மேலிருந்து கீழ் வரை தெரியும்.

அதைவிட வெட்கம், சட்டம் ஒட்டக் கழற்றியபோதுதான் மேல் கீலைச் சரியாகப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூவில் மூன்று சும்மா சுற்றின. கதவு உப்பியது பாதி உண்மை, தொங்கிப்போனது மீதி உண்மை. நான் இரண்டுக்கும் சேர்த்து மரத்தைச் சீவியிருந்தேன்.

“கார்த்திகையில்தானே மரம் அதிகமா உப்பியிருக்கும்? அப்பவே கணக்கா இழைச்சா அதுக்கு மேல இடிக்காதே” என்று தம்பி வாதாடுவான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையில் இடிக்கும் கதவில் மூன்று குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்: கீல் தளர்ச்சி, மரத்தின் உப்பல், ஓரங்களுக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டதால் குடித்த கூடுதல் ஈரம். முதலாவதையும் மூன்றாவதையும் சரி செய்துவிட்டால் இழைக்க வேண்டியது பாதிக்குப் பாதி குறைந்துவிடும். பல கதவுகளுக்கு இழைப்பே தேவைப்படாது. சீவிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், காசாளர் புத்தி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் நின்றால் காய்ந்த மரத்துக்குள் ஏறக்குறைய 12 சதவீத ஈரம் இருக்கும். காற்று நாள்கணக்கில் 90 சதவீதத்தில் கிடந்தால் மரம் 20 சதவீதத்தை எட்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம், அகலம்தான் மாறும். தேக்கு மற்ற மரங்களை விட அடக்கமானது. பச்சையிலிருந்து முழுதாகக் காய்வதற்குள் வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும்தான் சுருங்கும். இதைக் கதவில் வைத்துப் பாருங்கள். சட்டம் கட்டிப் பலகை கோர்த்த கதவில், அகலத்துக்குக் கணக்கு இரு பக்கத்து நெட்டுச் சட்டங்கள் மட்டுமே. குறுக்குச் சட்டம் நீளவாக்கில் கிடப்பதால் அசையாது, நடுப்பலகை காடிக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். நாலரை அங்குலச் சட்டம் இரண்டு, மொத்தம் ஒன்பது அங்குலம். கோடைக்கும் மழைக்கும் வித்தியாசம் ஒன்றிலிருந்து இரண்டரை மில்லி வரை. வெறும் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி, பின்னால் குறுக்குக் கட்டை அடித்த கொல்லைக் கதவு என்றால் முழு அகலமும் உப்பும். முப்பத்து மூன்று அங்குலத்துக்கு நாலு மில்லியில் தொடங்கி ஒன்பது மில்லிகூடப் போகலாம். வாசல் கதவு சும்மா இருக்க, கொல்லைக் கதவு மட்டும் மக்கர் செய்வது இதனால்தான்.

சாட்சிக் கட்டை

மரத்தின் ஈரம் பார்க்கக் கருவி விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. அதற்குப் பதில் கொல்லைக் கதவுக்கு அருகே ஆணியில் ஒரு தேக்குக் கட்டை தொங்குகிறது. ஒரு சாண் நீளம், நாலரை அங்குல அகலம், ஒரு அங்குல கனம், பெயின்ட் வார்னிஷ் எதுவும் இல்லாதது. கதவு எந்த மரமோ கட்டையும் அதே மரமாக இருப்பது நல்லது. மாதம் ஒரு முறை சமையலறைத் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் கட்டையின் மேலேயே எழுதி வைப்பேன். சித்திரைக் கடைசியில் 402 கிராம். கார்த்திகை நடுவில் 425. அந்த 23 கிராமும் தண்ணீர். நடுவில் 413 வரும்போது இழைப்புளியை எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பெயின்ட் அடித்த கனமான கதவு இந்தச் சின்னக் கட்டையை விட மெதுவாகத்தான் காயும். கட்டை 413 காட்டிய பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள்.

வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சிரிக்கட்டும். இந்த ஐப்பசியில் உங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டிவிடுங்கள். முதல் வருஷம் எண் தெரியாது, எழுதிக்கொண்டே வாருங்கள், அடுத்த வருஷம் அது பேசும்.

ஐப்பசி: தட்டிப் பார்க்கிற மாதம்

எங்கள் ஊரில் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு, காவிரியில் நீராடும் நாள். துலாக்கட்டத்துக்குப் போகும் கூட்டத்தில் கடைத்தெரு பக்கம் தலைகாட்ட முடியாது. கீல், ஸ்க்ரூ, பசை, வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) எல்லாம் அதற்கு முந்தைய விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுவேன். துரு ஏறும் என்பதால் ஸ்க்ரூ பித்தளை அல்லது எவர்சில்வரில் வாங்குங்கள். விலை கூடத்தான், ஒரு கதவுக்குப் பன்னிரண்டு பதினாறு ஸ்க்ரூதானே.

முதல் வேலை, கதவு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. கதவின் ஓரத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, மெல்லச் சாத்தித் திறங்கள். சாக்பீஸ் நிலையில் ஒட்டிக்கொண்ட இடம்தான் இடிக்கும் இடம். அப்புறம் தினசரி காலண்டரில் கிழித்த தாளை இடுக்கில் விட்டு மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள், எங்கே மாட்டுகிறதோ அங்கே பென்சில் கோடு. இடைவெளியை அளக்க என்னிடம் காலாவதியான ஏடிஎம் அட்டைகள் உண்டு. ஓர் அட்டையின் கனம் 0.76 மில்லி, எந்த வங்கி அட்டையானாலும் அதேதான். மழைக்காலத்தில் ஓர் அட்டை தாராளமாக நுழைந்தால் அந்தக் கதவைத் தொடாதீர்கள்.

இடிக்கும் இடம்தான் காரணத்தைச் சொல்லும். தாழ்ப்பாள் பக்கத்தில் மேல் மூலை மட்டும் இடித்து, அதே பக்கத்தில் கீழ் மூலை தரையைத் தேய்த்தால் கதவு தொங்கியிருக்கிறது, மேல் கீலைப் பாருங்கள். ஓரம் முழுக்க ஒரே சீராக இடித்தால் அது உப்பல். இரட்டைக் கதவில் நடுவே இரண்டும் முட்டிக்கொண்டாலும் பெரும்பாலும் உப்பல்தான். கீல் பக்கமே இறுகி, சாத்தும்போது கதவு எதிர்த்துத் தள்ளினால் கீல் அதிகம் ஆழமாகப் பதிந்திருக்கும், அல்லது ஸ்க்ரூவின் தலை வெளியே துருத்திக்கொண்டு கீலை மூடவிடாமல் செய்யும். அதற்குத் திருப்புளி ஒன்றே போதும், இழைப்புளிக்கு வேலை இல்லை.

கீல் வேலை மழையிலும் செய்யலாம். கொட்டுகிற மழையில் எனக்குப் பிடித்த வேலையும் இதுதான், கூடத்தில் உட்கார்ந்துகொண்டே முடித்துவிடலாம். முதலில் கதவைத் திறந்து, தாழ்ப்பாள் பக்கத்து அடியில் மர ஆப்பு ஒன்றைச் செருகிப் பாரத்தைத் தாங்க விடுங்கள். ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் பெயின்ட் அடைத்திருக்கும், பழைய ஹேக்சா பிளேடால் சுரண்டி எடுங்கள். கழற்றும் முன் கால் திருகு இறுக்குங்கள், துருவின் பிடி விடும், அப்புறம் இடப்பக்கம் திருப்பினால் வரும். அதற்கும் அசையாவிட்டால், பற்றவைக்கும் கோலைச் (சால்டரிங் அயர்ன்) சூடாக்கித் தலையில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு முயலுங்கள். அவசரப்பட்டுத் தலையைச் சிதைத்துவிட்டால் அந்த விடுமுறை அதோடு முடிந்தது.

ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ பிடிக்காத இடத்தில் தீக்குச்சியும் ஈர்க்குச்சியும் திணிப்பார்கள். ஒரு மழைக்குத் தாங்கும். நான் எட்டு மில்லி பிட் வைத்து ஓட்டையைச் சுத்தமாகத் துளைத்து, தேக்கிலோ முற்றிய மூங்கிலிலோ உருண்டையாகச் சீவிய முளையில் பசை தடவிக் கொட்டாப்புளியால் அடிப்பேன். பசையில் உள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். இந்தக் காற்றில் அது சோம்பேறி. சனிக்கிழமை காலை அடித்தால் ஞாயிறு மாலை வரை விட்டுவிடுங்கள். பிறகு துருத்தும் முளையை உளியால் சமமாகச் சீவி, இரண்டரை மில்லி பிட்டால் வழித்துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். ஸ்க்ரூவின் புரியில் சோப்பைத் தேய்த்தால் முறுக்கிக்கொள்ளாமல் இறங்கும். ஈரத் தரையில் டிரில்லிங் மெஷின் ஓட்டும்போது காலில் செருப்பு இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியை நாற்காலி மேல் வையுங்கள்.

மேல் கீல் உறுதியான பிறகும் கீழ் மூலை தரையில் இழைந்தால், கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு துண்டு அட்டை வைத்து மூடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை கனமும் வழவழப்பும் சரியாக இருக்கும். கதவின் அடி அந்த அட்டை கனத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, தாழ்ப்பாள் பக்கம் மேலே தூக்கும். எங்கள் தெருவில் நான் “சரி” செய்த கதவுகளில் பாதிக்கு மேல் இந்தப் பத்திரிகை வைத்தியம்தான்.

கார்த்திகை: கதவைச் சமாளி, உளியைத் தீட்டு

உண்மையாகவே உப்பிய கதவைக் கார்த்திகையில் சமாளிக்கத்தான் முடியும். இடிக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள், கதவிலும் தேய்க்க வேண்டும், நிலையிலும் தேய்க்க வேண்டும். தீபத்துக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கும். எண்ணெய் வேண்டாம், பிறகு அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது. மெழுகும் பெயின்டுக்கு ஆகாதுதான், ஆனால் அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். தாழ்ப்பாள் மாட்டவில்லை என்றால் நிலையில் உள்ள தகட்டின் துளையை அரத்தால் ஒரு மில்லி ராவிக் கொடுங்கள், கதவு பிழைத்துப் போகும்.

இந்த மாதத்து இரண்டு விடுமுறைகளும் எனக்குச் சாணை நாட்கள். மழையில் மரத்தைத் தொடக்கூடாது என்றால் இரும்பைத் தொடலாமே. அப்பாவிடம் எண்ணெய்ச் சாணைக்கல் ஒன்று இருந்தது, நடுவில் குழிந்து ஓடம் போல ஆகிவிட்டது. நான் சமையல் மேடை போட்டதில் மிஞ்சிய கிரானைட் துண்டை வைத்திருக்கிறேன். அதன்மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை ஒட்டினால் நகராமல் உட்கார்ந்துகொள்ளும். 220, 400, 800, 1500 என்று நாலு தாள் போதும், எண் ஏற ஏறத் தாள் நைஸாகும்.

இழைப்புளியின் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகு. சாய்வு இல்லாத அந்தப் பக்கத்தை 400-இல் தட்டையாக வைத்துத் தேய்த்து, நுனியை ஒட்டி அரை அங்குலத்துக்காவது முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு வர வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் தீட்டிக்கொண்டிருப்பார்கள், கூர் வராது. அப்புறம் சாய்வை 220-இல் வையுங்கள். சாய்வு தாளில் முழுதாகப் படிந்ததை விரலால் உணரலாம், முன்னும் பின்னும் ஆடினால் படியவில்லை. படிந்ததும் மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, தோளிலிருந்து இழுங்கள். 25 டிகிரியிலிருந்து 30-க்குள் இருந்தால் போதும், அளவுகோல் தேடி அலைய வேண்டாம். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பின் முதுகுப் பக்கம் கட்டைவிரலை நுனிக்கு வெளிப்புறமாக வழித்துப் பாருங்கள். மெல்லிய பிசிர் ஒன்று விரலில் தட்டும். நுனி முழுக்க அது தட்டும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. 1500 முடிந்ததும் முதுகை ஒரே ஒரு முறை படிய வைத்து இழுத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் நாலு முறை பின்னிழுப்பு. செய்தித்தாளின் ஓரத்தை அந்தரத்தில் பிடித்து வெட்டிப் பார்த்தால் சத்தமில்லாமல் போக வேண்டும். சரசரத்தால் திரும்ப 800.

அப்பா முன்கை மயிரில் சோதிப்பார். இடது கை எப்போதும் வழித்த தாடை மாதிரி இருக்கும்.

தீட்டிய பிறகு துடைத்துக் காயவைத்து மெஷின் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு, அது நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். பெட்டிக்குள் துணியில் முடிந்த ஒரு சூடக்கட்டி, அப்பா காலத்துப் பழக்கம், நானும் விடவில்லை.

பாலிஷ் வேலை மட்டும் இந்த மாதம் வேண்டவே வேண்டாம். ஈரக்காற்றில் பிரெஞ்ச் பாலிஷோ லாக்கரோ அடித்தால் காய்வதற்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். நானே ஒரு முக்காலியை அப்படிக் கெடுத்து, முழுக்கச் சுரண்டி மறுபடி அடித்தேன்.

மார்கழி: குளியலறைக் கதவு

மழை ஓய்ந்து பனி தொடங்கும். விடியலில் எல்லாம் நனைந்து கிடக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் நன்றாக இருக்கும். அந்த வெயிலை நம்பி நான் எடுக்கும் வேலை, குளியலறைக் கதவின் அடி. இதற்கு மழை காரணமில்லை, வருஷம் முழுக்கத் தெறிக்கும் தண்ணீர்தான். எங்கள் கதவின் அடியில் யாரோ அலுமினியத் தகடு அடித்திருந்தார்கள். வெளியே பார்க்கப் பளபள, உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. தகட்டைப் பெயர்த்தால் இரு பக்கத்துச் சட்டங்களின் அடியும் புட்டு மாதிரி உதிர்ந்தது. தகடு அடிப்பதானால் பின்புறம் முழுக்க சிலிக்கோன் தடவிப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்காமல் இருப்பதே மேல்.

கதவைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஆறரை அடிக்கு மூன்றடித் தேக்குக் கதவு நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். அடியில் ஆப்பு வைத்துவிட்டு, கீழ்க் கீலை முதலில், மேல் கீலைக் கடைசியில். கழற்றிய கதவை மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமாக இரண்டு வாரம் சாய்த்து வைத்தேன். அதுவரை குளியலறைக்குப் பழைய போர்வைத் திரை. வீட்டுக்காரர் உள்ளே போனால் பாட்டுப் பாடிக்கொண்டே இருப்பார், ஆள் இருப்பது தெரிய வேண்டுமாம்.

காய்ந்ததும் குத்தூசியால் அடியிலிருந்து மேலாகக் குத்திக்கொண்டே போங்கள். ஊசி எங்கே இறங்க மறுக்கிறதோ அங்கிருந்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே கோடு போட்டு வெட்டுங்கள். மிச்சம் வைத்தால் உளுப்பு திரும்பி வரும். என் கதவில் ஐந்து அங்குலம் போயிற்று. புதுத் துண்டுக்குப் பூவரசு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் பக்கத்துச் சித்தி வீட்டில் விழுந்த மரம். அறுத்துப் பலகையாக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்கியது, எலும்பு போலக் காய்ந்துவிட்டது. தண்ணீருக்கு அஞ்சாத மரம் என்று படகுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதைத் தேடிப் போவார்கள்.

இணைப்புக்கு அரைவெட்டு. பழைய சட்டத்திலும் புதுத் துண்டிலும் பாதி கனத்தைக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஐந்தாறு அங்குலம் படியும்படி செய்வது. ரம்பத்தால் தோளை, அதாவது பாதி கனம் குறையத் தொடங்கும் இடத்துக் குறுக்கு வெட்டை, வெட்டி, நடுவே அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டே போய், உளியால் அந்தத் துண்டுகளைப் பெயர்த்தால் சீக்கிரம் முடியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தண்ணீர் படும் பக்கத்துத் தோள் வெட்டைப் படுக்கையாக வெட்டாமல், வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வெட்டுங்கள். கோட்டில் தேங்கும் தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். தண்ணீர் தாங்கும் பசை, பின்பக்கத்திலிருந்து நாலு எவர்சில்வர் ஸ்க்ரூ, ஒரு முழு நாள் கிளாம்ப் பிடி. கிளாம்ப் இல்லாதவர்கள் கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்கலாம்.

மார்கழியின் கடைசி நாள் போகி. அதற்கு முந்தைய ஞாயிறு தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். எரிக்க எடுத்து வைத்த உடைந்த நாற்காலிக் கால், ஜன்னல் சட்டம், பழைய அலமாரிப் பலகை எல்லாம் திண்ணையில் கிடக்கும். கேட்டால் தருவார்கள். பெயின்டுக்குக் கீழே என்ன மரம் என்று உளியால் ஓர் ஓரம் சீவி முகர்ந்து பாருங்கள், தேக்கின் மணம் பழசானாலும் போகாது. மண் தடம் ஏறிய கட்டையையும், தட்டினால் மாவு கொட்டும் கட்டையையும் எடுத்துவராதீர்கள். கரையானை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்த கதையாகிவிடும். மீதியில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு ஆணி போதும் கார்த்திகையில் தீட்டியதெல்லாம் வீணாக.

தை

தையில் பொங்கல் வரும், விருந்தாள் வருவார்கள். கட்டையை எடை போடுவதோடு சரி. போன வருஷம் 418.

மாசி: இப்போது எடுக்கலாம் இழைப்புளி

கட்டை 413-க்கு இறங்கி இரண்டு வாரம் ஆனதும் மறுபடி ஏடிஎம் அட்டையோடு கதவைச் சுற்றி வாருங்கள். கீல் சரி செய்த கதவுகளில் பாதி இப்போது தானாகவே மூன்று அட்டை இடைவெளி காட்டும். அவற்றுக்குப் பெயின்ட் மட்டும். இன்னும் இறுக்கமாக இருக்கும் கதவுக்குத்தான் இழைப்பு. சட்டக் கதவுக்கு மூன்று அட்டை, அதாவது இரண்டே கால் மில்லி. பலகைக் கதவுக்கு ஐந்து அட்டை. அதற்கு மேல் போகாதீர்கள்.

கோடு கிழித்து, கதவைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள இழையுங்கள். நார் போகும் போக்கில் தள்ளினால் சுருள் நீளமாக வரும். எதிர்த்துத் தள்ளினால் பிய்க்கும், உடனே தெரியும், கதவைத் திருப்பிப் போடுங்கள். தகடு தலைமயிர் கனத்துக்கு வெளியே இருந்தால் போதும். மூன்று மில்லிக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் கீல் பக்கத்து ஓரத்தில் எடுப்பது நல்லது. பூட்டு இருக்கும் பக்கத்தில் எடுத்தால் பூட்டின் குழியும் இடம் மாற வேண்டும், கீல் பள்ளத்தை ஆழப்படுத்துவது அதைவிட எளிது. தாழ்ப்பாள் பக்க ஓரத்தை நிலைக்குள் முதலில் நுழையும் பக்கம் ஒரு மயிரளவு சாய்த்து இழையுங்கள், சாத்தும்போது விளிம்பு தட்டாது. மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் இழைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள். ஒரே பக்கமாகத் தள்ளிக் கடைசிவரை போனால் சட்டத்தின் முனை சிம்பாகப் பிளந்துகொண்டு போகும்.

அடி விளிம்பு என்றதும் ஒரு வேலை சொல்கிறேன், இப்போதே செய்து பாருங்கள். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கதவின் கீழே தள்ளி, செல்போன் வெளிச்சத்தில் கதவின் அடியைப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் வெறும் மரம்தான் தெரிந்தது. பெயின்ட் அடிக்கிறவர் குனியவில்லை. சட்டத்தின் வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி, முகப்பை விடப் பல மடங்கு வேகமாக ஈரத்தைக் குடிக்கும். இழைத்த கதவைக் கழற்றி வைத்திருக்கும்போதே அடி, மேல், இரண்டு ஓரம், கீல் பள்ளம், பூட்டுக் குழி எல்லாவற்றுக்கும் ஒரு பிரைமர், இரண்டு பெயின்ட். வெட்டுமுகத்துக்கு மட்டும் பிரைமர் இரண்டு முறை, முதல் பூச்சு குடித்தே போய்விடும். கொல்லைக் கதவுக்குச் சிலர் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். கரையான் அண்டாது, ஆனால் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும், நிறமும் கறுத்துப்போகும்.

கழற்றவே முடியாத கதவுக்கு ஒரு வழி: சாக்குத் துண்டை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, நடுவில் பெயின்டைத் தாராளமாகத் தடவி, கதவின் அடியில் விட்டு இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுங்கள். கீழே செய்தித்தாள் விரிக்க மறந்தால் தரை உங்கள் பாடு.

பெயின்ட் முழுக்கக் காய இரண்டு நாள். கதவை மாட்டியதும் மறுபடி அட்டை, சட்டக் கதவின் ஓரம் முழுக்க இரண்டரை மூன்று அட்டை ஒரே சீராகப் போனால் வேலை முடிந்தது. இடைவெளியையும் தேதியையும் பென்சிலால் சாட்சிக் கட்டையின் பின்பக்கம் எழுதி, கட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுங்கள். என் கட்டையில் இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. இழைத்துச் சுத்தப்படுத்தலாம் என்றால் எடை மாறிவிடும். அதனால் இந்தச் சித்திரையில் அதே பலகையிலிருந்து இன்னொன்று அறுத்து, இரண்டையும் ஒரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடப் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.